வெள்ளிச் சாம்பல்வாரி

உல்ரிக்குக்கு நான்காவது முறையாக வெள்ளிச் சாம்பல்வாரி கிடைத்த அன்று, மண்டபத்தில் இருந்த எல்லாரையும்விடப் பலமாகக் கை தட்டியவன் தோர்கில்தான். வயிறு எரிகிறவன் அப்படித்தான் தட்டுவான். எங்கள் டென்மார்க்கில் யாரும் யாரையும்விட உசத்தி இல்லை என்பது பால்குடிப் பருவத்திலேயே ஊட்டப்படுகிற பாடம். உசத்தி இல்லாத நாட்டில் பொறாமைக்கும் வேலை இல்லை. இல்லாத ஒன்றை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு தோர்கில் நான்கு வருடமாகப் படாத பாடு பட்டான்.

வாரியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சாம்பல் அள்ளும் கரண்டி மாதிரி, முழங்கை நீளம் இருக்கும். வெள்ளி என்பது பேச்சுக்கு. தகரத்தில் வெள்ளி முலாம். அதைக்கொண்டு ஒரு கைப்பிடி சாம்பல்கூட அள்ள முடியாது. வட்டார வைக்கோல் வெப்பக் கூட்டுறவுகளின் சாம்பல் குறைப்பு மன்றம் என்ற பெரிய பெயர்கொண்ட சபை, குளிர்காலத்தில் டிசம்பரிலிருந்து விழா நாள் வரைக்கும் யாருடைய கொதிகலனிலிருந்து குறைவாகச் சாம்பல் வெளியே போகிறதோ அவருக்கு அதைக் கொடுக்கும். போட்டியில் இருந்தது இரண்டே கொதிகலன்கள். ரெம்ஸ்ட்ரூப் ஊர்க் கொதிகலனைத் தோர்கில் இருபத்தாறு வருடமாகப் பார்த்துவந்தான். பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஓலெரிஸ் ஊரில் இருப்பது உல்ரிக்கினுடையது.

இரண்டும் வைக்கோலை எரித்து மின்சாரம் எடுத்து, மிச்சச் சூட்டில் வெந்நீர் காய்ச்சி, குழாய் வழியே வீடு வீடாக அனுப்புபவை. விறகுச் சாம்பல் சாது. வைக்கோல் சாம்பல் அப்படியல்ல. வைக்கோலில் உப்பு உண்டு. அடுப்புச் சூட்டில் அது உருகி, சாம்பலையும் சேர்த்துக்கொண்டு, மேலே உள்ள ஆவிக்குழாய்களில் வெல்லப்பாகு மாதிரி ஒட்டிக்கொள்ளும். பிறகு கல்லாகிவிடும். சுரண்டாமல் விட்டால் புகை போகும் வழி அடைபட்டு, கடைசியில் ஊரே குளிரில் உட்கார வேண்டியதுதான். ஆகவே தோர்கில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை கொதிகலனை ஒருநாள் நிறுத்துவான். தொட்டியில் சேமித்த வெந்நீர் அந்த ஒருநாளைத் தாங்கும். உள்ளே புகுந்து கடப்பாறையால் இடித்துத் தள்ளி, லாரியில் ஏற்றி, வாசலில் உள்ள எடைமேடையைத் தாண்டி அனுப்புவான். மன்றம் எடைமேடையைத்தான் பார்க்கும். அதனால் ஒவ்வொரு வருடமும் தோர்கில் தோற்பான்.

அன்று மன்றத் தலைவி யூட்டெ, வாரியைக் கொடுத்த கையோடு ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"நண்பர்களே, எரிக்கிறது யாரால வேணும்னாலும் முடியும். மிஞ்சாம எரிக்கிறதுக்கு மனசு வேணும். உல்ரிக்குக்கு அந்த மனசு இருக்கு. தோர்கிலுக்குக் கடப்பாறை இருக்கு." சபை சிரித்தது. "அடுத்த வருஷத்திலேருந்து ரெண்டு பாய்லருக்கும் ஒரே தலைமை. அடுத்த வாரி யாருக்கோ, தலைமையும் அவருக்கே. இன்னொருத்தர் அவருக்குக் கீழ வேலை பார்ப்பார். மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு அவருக்கு ஒரு கேக்."

எல்லாரும் எழுந்து, வழக்கம்போல மூன்று முறை குட்டையாகவும் ஒருமுறை நீட்டியும் ஹுர்ரா சொன்னார்கள். தோர்கில் நீட்டிச் சொன்னதில் தொண்டை கட்டிக்கொண்டது. இருபத்தாறு வருடம் தன் கையால் சுரண்டி வளர்த்த கொதிகலனை உல்ரிக்கிடம் கேட்டுக் கேட்டு நிறுத்துவதை அவனால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி கூன்வோர் சொன்னாள்: "உல்ரிக் சட்டையைக் கவனிச்சியா? பாய்லர்ல வேலை பார்க்கிறவன் சட்டை மாதிரியா இருக்கு? பாலாட்டம் வெள்ளை."

"வேலை பார்த்தாத்தானே அழுக்காகும்."

"பொறாமை."

"எனக்கென்ன பொறாமை," என்றான் தோர்கில், காரை வேகமாக ஓட்டிக்கொண்டே.

அந்தக் கோடையில் ஒரு சொட்டு மழை இல்லை. வைக்கோல் பொன்னாக விளைந்தது. பொன் வைக்கோலைப் பார்த்தால் உழவனுக்குச் சிரிப்பு வரும். கொதிகலன்காரனுக்குக் கிலி பிடிக்கும். வயலில் கிடந்து மழையில் ஊறி, நிறம் செத்து, கிழவன் தாடி மாதிரி நரைத்துப்போன வைக்கோல்தான் எரிக்க நல்லது. மழை உப்பைக் கழுவிக் கொண்டுபோய்விடும். இது இந்தப் பக்கத்தில் மாட்டுக்கும் தெரியும். மன்றத்துக்கு மட்டும் நரைத்த வைக்கோல் கண்ணுக்கு அழகாக இல்லை. போன வருடத்து நரைத்த கட்டுகளைத் திருப்பி அனுப்பிவிட்டு, பொன் வைக்கோலை மட்டுமே வாங்குவது என்று தீர்மானம் போட்டார்கள். அழகான வைக்கோலிலிருந்து அசிங்கமான சாம்பல் எப்படி வரும் என்று யூட்டெ கேட்டாள். எல்லாரும் கை தூக்கினார்கள்.

அக்டோபரில் மன்றத்திலிருந்து தோர்கிலுக்கு ஓலை வந்தது. சாம்பலைக் குறைக்கும் மனப்பான்மைப் பயிற்சி, மூன்று நாள், இடம்: ஓலெரிஸ், ஆசிரியர்: உல்ரிக். தோர்கில் அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, எதிரே உட்கார்ந்து அரைமணி நேரம் முறைத்துப் பார்த்தான். பிறகு போனான். போகாவிட்டால் போட்டியிலிருந்தே எடுத்துவிடுவார்களாம்.

உல்ரிக் நல்ல மனிதன். அதுதான் தோர்கிலுக்குத் தாங்கவில்லை. கெட்டவனாக இருந்தாலாவது நிம்மதியாகத் திட்டலாம். கொதிகலன் சுவரோரம் வெதுவெதுப்பில் தக்காளிச் செடி வளர்த்திருந்தான். சுவரில் நான்கு வாரிகள் வரிசையாக மின்னின. இலவங்கப்பட்டை மணக்கும் ரொட்டியும் காப்பியும் கொடுத்து, உட்காரச் சொன்னான். அவன் கைகள் பாதிரியார் கைகள் மாதிரி மெத்தென்று இருந்தன. தோர்கில் தன் கைகளை மேசைக்கு அடியில் இழுத்துக்கொண்டான். வைக்கோல் சாம்பல் சுண்ணாம்பு மாதிரி தோலைத் தின்னும்.

"சரி, சொல்லு. எப்படிக் குறைக்கிறே?"

"நான் ஒண்ணுமே பண்றதில்ல, தோர்கில்."

"ரகசியத்தைச் சொல்ல மாட்டியா?"

"அட, அதுதாம்பா ரகசியம். தொட்டாத்தான் சாம்பல் வரும். தொடலைன்னா அது பாட்டுக்கு இருக்கு. கோடையில கம்பெனி ஆளுங்க வந்து இடிச்சு எடுத்துக்கிட்டுப் போறாங்க. கோடைச் சாம்பலை மன்றம் எடை பார்க்கிறதில்லையே."

தோர்கில் எழுந்துபோய்ப் பார்வைத் துளையில் கண்ணை வைத்தான். உள்ளே குழாய்களே தெரியவில்லை. கருஞ்சிவப்பாகச் சாம்பல் கல் திரள் திரளாகத் தொங்கியது. குளிர்காலம் இன்னும் தொடங்கவில்லை. அதற்குள் இந்தக் கோலம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறான். சோறே இல்லாமல் மறைத்திருப்பதை அன்றுதான் பார்த்தான்.

"இது அடைச்சுக்கும்டா! இந்த வருஷம் பொன் வைக்கோல் வேற!"

"நாலு வருஷமா அடைக்கல. இன்னொரு ரொட்டி எடுத்துக்கோ," என்றான் உல்ரிக்.

தோர்கில் வீட்டுக்கு வந்து மன்றத்துக்கு எழுதினான். உல்ரிக்கின் சாம்பல் குறையவில்லை, உள்ளேயே இருக்கிறது, வந்து துளை வழியாகப் பாருங்கள் என்று நான்கே வரி. இரண்டு வாரத்தில் ஆறு பக்கப் பதில் வந்தது. சாம்பல் என்பது எடைமேடையைத் தாண்டிய பொருள் என்று மன்றத்தின் விதி மூன்று வரையறுக்கிறது. தாண்டாத பொருள் சாம்பல் ஆகாது. அது இன்னும் ஒரு முடிவுக்கு வராத வைக்கோல். முடிவுக்கு வராத வைக்கோலைத் துளை வழியாகப் பார்ப்பது மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், தங்கள் எழுத்தில் பொறாமையின் சாயல் தென்படுவதால் தலைவியைச் சந்திக்கவும் என்றிருந்தது.

யூட்டெ மேசையில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்திருந்தாள். பகல் பதினொரு மணி.

"தோர்கில், பயப்படாதீங்க. இங்க யாரும் யாரையும் குத்தம் சொல்றதில்ல. படிவத்துல மட்டும் எழுதுவோம். உல்ரிக் மேல உங்களுக்குப் பொறாமையா?"

தோர்கில் மேசையில் ஒழுகிய மெழுகை நகத்தால் சுரண்டினான். "ஆமா," என்றான்.

"அப்ப பாய்லர் அடைச்சிருக்குன்னு நீங்க எழுதினது பொய்."

"இல்ல. அதுவும் உண்மை."

"ரெண்டும் எப்படி உண்மையாகும்?"

"எனக்குப் பொறாமை. அவன் பாய்லர்ல சாம்பல். ரெண்டும் உண்மைதான்."

யூட்டெ படிவத்தை இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவள் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "ரெண்டையும் எழுத இதுல இடம் இல்லையே. ஒரு கட்டம்தான் இருக்கு. பொறாமைன்னே போட்டுடறேன். நீங்களே ஒத்துக்கிட்டது அதுதானே?" பேனாவை மூடிவிட்டு, அன்பாக அவன் தோளைத் தட்டினாள். "நான் முப்பது வருஷமா சாம்பல் துறையில இருக்கேன். ஒரு தடவைகூடப் பாய்லருக்குள்ள எட்டிப் பார்த்ததில்ல. அதனாலதான் என்னால நடுநிலையா இருக்க முடியுது."

டிசம்பர் ஒன்றாம் தேதி தோர்கில் கடப்பாறையை எண்ணெய் தடவி மூலையில் சாய்த்துவிட்டான். நேர்மையாகத் தோற்று உல்ரிக்குக்குக் கீழே கைகட்டி நிற்பதைவிட, ஒரு குளிர்காலம் உல்ரிக்காக இருந்து பார்ப்பது என்று முடிவு செய்தான். அடியில் தானாக விழும் சாம்பலை யாராலும் தடுக்க முடியாது. அது இரண்டு ஊரிலும் ஏறக்குறைய சரிசமமாகப் போனது. குழாயில் ஒட்டியதை அவன் தொடவில்லை.

மன்றம் மகிழ்ந்து புது ஆணை போட்டது. லாரி போகாத நாளெல்லாம் எடைமேடையில் தேசியக் கொடி ஏற்ற வேண்டும். எங்கள் ஆட்களுக்குக் கொடி ஏற்றக் காரணம் ஒன்று கிடைத்தால் போதும். பிறந்தநாளுக்கு ஏற்றுவோம், நாய் தொலைந்து கிடைத்தால் ஏற்றுவோம். ஓலெரிஸில் கொடி பறக்க, ரெம்ஸ்ட்ரூப்பிலும் பறந்தது. எடைமேடைக் காவலாளி ஹோல்கர் காலையில் ஏற்றும்போது தோர்கிலைப் பார்த்து, "என்னப்பா, பாய்லர் வேலை செய்யுதா, இல்ல விடுமுறையில போயிருக்கா?" என்று கேட்பான். தோர்கில் சிரிப்பான். உள்ளே போனால் சிரிப்பு நின்றுவிடும். புகை இழுக்கும் விசிறி நாளுக்கு நாள் அதிகமாக முனகியது. இருபத்தாறு வருடத்தில் அது அப்படி முனகி அவன் கேட்டதில்லை. பிரசவ வீட்டு வாசலில் நிற்கிற புருஷன் மாதிரி அதன் பக்கத்திலேயே நின்றான். ஆனால் கடப்பாறையை எடுக்கவில்லை. பிப்ரவரி நடுவில், ஒரு டன் வித்தியாசத்தில் தோர்கில் முந்தியிருப்பதாகத் தகவல் வந்தது. அன்று மட்டும் அவன் நன்றாகத் தூங்கினான்.

பிப்ரவரி கடைசிக்கு முந்தின சனிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு, ஓலெரிஸ் மண்டபத்தில் விழா. வெளியே உறைநிலைக்குக் கீழே பன்னிரண்டு. கிரீம் அடுக்குக் கேக்கில் குட்டிக் கொடிகள் குத்தியிருந்தன. யூட்டெ பேசத் தொடங்கியபோது மண்டபம் வெதுவெதுப்பாக இருந்தது. அவள் நாலாம் பக்கத்துக்கு வந்தபோது ஆட்கள் கோட்டை மாட்டினார்கள். ஆறாம் பக்கத்தில் அவள் வாயிலிருந்தே புகை வந்தது.

"இந்தக் கதகதப்பான சூழ்நிலையில..." என்று படித்தாள். எழுதி வைத்ததை மாற்ற அவளுக்கு அதிகாரம் இல்லை. "சாம்பலே இல்லாத எதிர்காலத்தை நாம தொட்டுட்டோம்!"

உல்ரிக்கின் தொலைபேசி அடித்தது. கேட்டான், வெளுத்தான். நேராகத் தோர்கிலிடம் வந்து காதில் சொன்னான். "நின்னுபோச்சு. முழுசா அடைச்சுக்கிச்சு. தோர்கில், எனக்கு இதைச் சுத்தம் பண்ணத் தெரியாது."

தோர்கிலுக்கு உள்ளுக்குள் தித்தித்தது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஆயிரத்து நானூறு வீடு விறைக்கப்போகிறது, இவனுக்குத் தித்தித்தது. கேக்கில் கடைசி வாயைச் சாப்பிட்டுவிட்டு எழுந்து, கடப்பாறை எடுக்கப் போனான்.

தன் கொதிகலனை மாற்று ஆளிடம் விட்டுவிட்டு, இரண்டு நாள் உல்ரிக்கின் கொதிகலனுக்குள் கிடந்தான். உல்ரிக் வெளியே நின்று ரொட்டி கொடுத்தான். இரண்டாம் நாள் அவனும் உள்ளே வந்து, கடப்பாறையைத் தலைகீழாகப் பிடித்து, கொஞ்சம் உதவினான். ஒன்பது டன் வந்தது. லாரி லாரியாக ஓலெரிஸ் எடைமேடையைத் தாண்டி வாசலில் மலையாகக் குவிந்தது. திங்கள் மாலை ஊருக்குச் சூடு திரும்பியது. விழாவை அடுத்த சனிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள். தோர்கில் கணக்குப் போட்டான்: ஒரு டன் வித்தியாசம் இப்போது பத்து டன் ஆகிவிட்டது. தலைமை கைக்குள் வந்துவிட்டது.

புதன்கிழமை கூன்வோர் வெந்நீர்க் குழாயைத் தொட்டுப் பார்த்தாள். "நம்ம வீடு ஏன் ஆறின காப்பி மாதிரி இருக்கு?"

"சனிக்கிழமை வரைக்கும் ஒரு ஸ்வெட்டர் கூடப் போட்டுக்கோ."

"சனிக்கிழமைக்கும் குழாய்க்கும் என்ன சம்பந்தம்?"

"மூணே மூணு நாள், கூன்வோர்."

தன் கொதிகலன் வாய்விட்டுக் கெஞ்சுவது அவனுக்குத் தெரிந்தது. அன்றைக்கே நிறுத்தி இடித்திருக்கலாம். ஆனால் இடித்தால் எடைமேடை. எடைமேடை என்றால் சாம்பல்.

வியாழக்கிழமை வட்டாரப் பத்திரிகையில் முதல் பக்கம் முழுக்க ஓலெரிஸ் சாம்பல் மலை. அதன் முன்னால் உல்ரிக், வெள்ளைச் சட்டையில். உல்ரிக்கின் பல்லைப் பார்த்ததுமே தோர்கில் பக்கத்தைத் திருப்பி, வானிலை படித்தான். படத்துக்குக் கீழே இருந்ததைப் படித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். வயலுக்கு உரமாக அள்ளிப்போக உழவர்கள் டிராக்டரோடு வரிசையில் நிற்கிறார்கள் என்றும், மன்றம் அவசரமாகக் கூடுகிறது என்றும் அதில் எழுதியிருந்தது.

சனிக்கிழமை மண்டபம் நன்றாகச் சூடாக இருந்தது. தோர்கில் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்தான். யூட்டெ மேடையேறினாள்.

"நண்பர்களே, சாம்பல் ஒரு செல்வம்னு மன்றம் எப்பவுமே சொல்லிட்டு வந்திருக்கு. நேத்திலேருந்து எப்பவுமே. மண்ணு கொடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடுக்கிறோம். அதனால மன்றத்தோட பேரு இன்னியிலேருந்து சாம்பல் பெருக்க மன்றம். லெட்டர்தாள் அடிக்கக் கொடுத்தாச்சு. இந்தக் குளிர்காலத்துல அதிகமாச் சாம்பல் கொடுத்த பாய்லருக்கு வெள்ளிச் சாம்பல்வாரி... ஓலெரிஸ்! உல்ரிக்!"

தோர்கில் எழுந்து நின்றிருந்தான். எழுந்தது எழுந்ததாக, கை தட்டத் தொடங்கினான். இரண்டு நாள் சாம்பல் தின்ற உள்ளங்கை ஒவ்வொரு தட்டுக்கும் காந்தியது.

உல்ரிக் மேடையில் தலை குனிந்து நின்றான். "இது எனக்குச் சேர வேண்டியதே இல்ல. அத்தனையும் இடிச்சது தோர்கில். நான் ரொட்டிதான் கொடுத்தேன்."

மண்டபம் உருகிப்போனது. கூன்வோர் கைக்குட்டையை எடுத்தாள். "பாத்தியா! ஜெயிச்சும் எவ்வளவு பணிவு!" ஐந்தாவது வாரியையும், இரண்டு கொதிகலன்களின் தலைமையையும், அத்தோடு பணிவுக்கான பேரையும் உல்ரிக் வாங்கிக்கொண்டு இறங்கினான். தோர்கிலுக்கு ஒரு கேக் கிடைத்தது. பாதாம் கேக். அதைக் காரின் பின் இருக்கையில் போட்டுவிட்டு, கல்யாணக் கோட்டோடு நேராக ரெம்ஸ்ட்ரூப் கொதிகலனுக்குப் போய் அதை நிறுத்தினான்.

ஆறியதும் மறுநாள் காலை உள்ளே நுழைந்தான். இடிக்க இடிக்க வந்தது. தன் கொதிகலனுக்குத் தானே செய்த அநியாயத்தைப் பார்த்து அவனுக்கு அழுகை வந்தது. கொஞ்சம் அழுதுகொண்டே இடித்தான். அந்தி சாய்வதற்குள் கடைசி லாரியும் எடைமேடை ஏறியது. ஹோல்கர் எண்ணைப் பார்த்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான்.

"மொத்தம் பதினோரு டன். அடப்பாவி, வெள்ளிக்கிழமை கொண்டுவந்திருந்தா வாரி உனக்குத்தானேப்பா!"

அப்போதுதான் புதுத் தலைவர் உல்ரிக் வந்து இறங்கினான், வெள்ளைச் சட்டையும் கையில் ரொட்டிப் பொட்டலமுமாக. குவியலைப் பார்த்தான். ஹோல்கரின் ஏட்டை வாங்கிப் பார்த்தான். மறுபடி குவியலைப் பார்த்தான்.

"பதினொண்ணா?" என்றான். குரல் இறங்கியிருந்தது. "என்னுது ஒன்பதுதானே வந்தது. ஒரே குளிர்காலத்துல, அடைக்காம, எப்படிப்பா பதினோரு டன்னை உள்ளேயே வெச்சிருந்தே? எனக்கு ஒரு நாளும் அது கைகூடினதில்லையே."

அவன் முகத்தில் இருந்த பார்வையைத் தோர்கிலுக்கு நன்றாகத் தெரியும். ஐந்து வருடமாகக் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்து வருவதுதான். இருபத்தாறு வருடம் ஒழுங்காகச் சுரண்டியபோது ஒருவரும் அவனை அப்படிப் பார்த்ததில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. இருந்தும் உடம்பெல்லாம் சூடு பரவியது.

"அது தானா வரணும், உல்ரிக்," என்றான். "சொல்லிக்கொடுத்து வராது."

கொதிகலனை மறுபடி மூட்டிவிட்டு வீடு திரும்பி, ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, கூன்வோர் வீடு நன்றாகச் சூடாக இருக்கிறது என்றாள். தோர்கில் அதற்குப் பதில் சொல்லாமல், உல்ரிக் பார்த்த பார்வையைப் பற்றி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.